அரசோடு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது?

ஒரு தொண்டு அமைப்பின் நிர்வாகக் குழுவில் நான் இருந்த காலத்தில், அரசுத் துறை ஒன்றிலிருந்து வரைவு ஒப்பந்தம் வந்தது. முதல் பக்கத்திலேயே 'கூட்டாண்மை' என்ற சொல் நான்கு முறை வந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் கணக்காளர் மட்டும் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றிய பிரிவில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "அவங்க 30 நாள் நோட்டீஸ் கொடுத்து நிறுத்திக்கலாம்னு இருக்கு. நம்ம ஊழியர்களுக்கு நாம 90 நாள் நோட்டீஸ் தரணும். நடுவுல இருக்கிற 60 நாளுக்குச் சம்பளம் யாரு சார் தர்றது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து, அரசோடு ஒப்பந்தம் என்று யார் பேச்செடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதன் உறவுக்காரக் கேள்விதான்: நாளைக்கு அமைச்சர் மாறினால், இந்தக் காகிதம் யாரைக் கட்டும்? பல அமைப்புகள் இதைக் கேட்பதில்லை. 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று தலைப்பு இருந்தால் நல்லது, 'டெண்டர்' என்று இருந்தால் கெட்டது என்று தலைப்பை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

லாப நோக்கமற்ற அமைப்புகள் அரசிடம் கேட்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் பேச ஓர் இடம். இன்னொன்று, செய்கிற வேலைக்குப் பணம். இரண்டையும் ஒரே காகிதத்தில் வாங்கப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல் வருகிறது. இந்திய அரசு 2007இல் வெளியிட்ட தன்னார்வத் துறைக்கான தேசியக் கொள்கைகூட, கலந்தாலோசனை, நீண்டகால உத்திசார் ஒத்துழைப்பு, திட்ட நிதியுதவி என்று மூன்று வழிகளைத் தனித்தனியாகத்தான் சொன்னது. அந்தப் பிரிப்பு சரியானது. நானும் பேச்சுக்கான காகிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பணத்துக்கானவற்றைப் பிறகு.

பேச்சுக்கான காகிதம்

இதில் மூத்ததும் பிரபலமானதும் இங்கிலாந்தின் 'காம்பாக்ட்'. நிக்கோலஸ் டீக்கின் தலைமையிலான ஆணையம் 1996இல், அரசும் தன்னார்வத் துறையும் ஒரு பொது உடன்படிக்கைக்கு வரவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆட்சி மாறிய மறு ஆண்டு, 1998 நவம்பரில், அது கையெழுத்தானது. அரசிடம் பணம் வாங்கினாலும் அமைப்புகள் சுதந்திரமானவை, அரசை விமர்சிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போது சாதாரண விஷயமில்லை. பின்னால் வந்த 2010ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் கறாரானது. நிதியை நிறுத்துவதென்றால் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு, பொருத்தமான இடங்களில் 12 வாரக் கருத்துக்கேட்பு என்று கணக்குச் சொன்னது.

ஆனால் அது சட்டமில்லை. மீறினால் நேரே போய் வழக்குப் போட முடியாது. கண்காணிக்க 2007இல் தனி ஆணையம் ஒன்று வந்தது. 2011இல் அதையே மூடிவிட்டார்கள். அந்த ஆண்டுகளில்தான் உள்ளாட்சி நிதிவெட்டு கடுமையானது. குடை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் குடை இல்லை.

நீதிமன்றத்தில் எது நிற்கும் என்பதற்கு 2008இல் நடந்த சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் வழக்கைப் பார்க்கலாம். லண்டனில் வீட்டு வன்முறைக்கு ஆளான ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பு அது. ஈலிங் உள்ளாட்சி மன்றம், எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரே சேவையை வாங்கப்போகிறோம் என்று சொல்லி, அந்த அமைப்புக்குத் தந்துவந்த நிதி முறையை மாற்ற முடிவெடுத்தது. அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மன்றம் தன் முடிவைக் கைவிட்டது. அமைப்புக்குக் கைகொடுத்தது இன உறவுகள் சட்டம் அரசு அமைப்புகள்மேல் சுமத்தியிருந்த சமத்துவக் கடமை. சட்டத்தில் எழுதியிருந்ததால் அது கடித்தது. பல் இல்லாத காகிதத்தை நம்பிப் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கனடா இன்னும் கொஞ்சம் செலவு செய்து பார்த்தது. 2000இல் தொடங்கிய தன்னார்வத் துறை முன்முயற்சிக்கு 9.46 கோடி கனடிய டாலர் ஒதுக்கி, 2001 டிசம்பரில் பிரதமர் ழான் கிரெத்தியென் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 2002இல் நிதியளிப்புக்கு ஒன்று, கொள்கை உரையாடலுக்கு ஒன்று என இரண்டு நன்னடைமுறைத் தொகுப்புகள் வந்தன. காகித வேலையைக் குறைப்போம், பல ஆண்டு நிதி தருவோம் என்றெல்லாம் அதில் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2006 இறுதியில், மானியங்களை ஆராய அரசு அமைத்த நிபுணர் குழு சொன்னது என்ன? மானிய நிர்வாகத்தை அடியோடு மாற்றவேண்டும், சிவப்பு நாடாவை அவிழ்க்கவேண்டும் என்று. 2002இல் எழுதியது கோப்போடு நின்றுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நியூசிலாந்து செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. தொண்ணூறுகளின் ஒப்பந்தக் கலாச்சாரத்தில் அமைப்புகள் அரசின்மேல் நம்பிக்கை இழந்திருந்தன. 2001இல் ஆய்வுசெய்த பணிக்குழு, இருதரப்பு உடன்படிக்கைக்கு இன்னும் நேரம் வரவில்லை, முதலில் அரசு தன் பக்க நோக்கத்தை மட்டும் அறிவிக்கட்டும் என்றது. அப்படியே அந்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் ஹெலன் கிளார்க் கையெழுத்திட்ட ஒருதலை அறிக்கை வந்தது. 'கியா டூடஹி' என்ற இருதரப்பு உடன்படிக்கைக்கு 2011 வரை ஆனது. பத்து ஆண்டு மெதுவாகத் தோன்றலாம். நம்பிக்கை இல்லாத இடத்தில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு மேடையில் படம் எடுத்துக்கொள்வதைவிட, 'முதலில் நீங்கள் நடந்துகாட்டுங்கள்' என்று சொல்வது நேர்மையானது. அமைப்புகளின் கூட்டமைப்பு பலவீனமாக இருந்தால் நானும் இதையே சொல்வேன். கையெழுத்துப் போடாதவரை விமர்சிக்க நாக்கு கட்டப்படாமல் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வடிவம் வேல்ஸில் இருக்கிறது. அங்கே இது கனவான்களின் வாக்குறுதி இல்லை, சட்டக் கடமை. 1998ஆம் ஆண்டின் வேல்ஸ் அரசுச் சட்டம் தன்னார்வ அமைப்புகளுக்கான திட்டம் ஒன்றை வகுக்கவேண்டும் என்றது. இப்போது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதையே சொல்கிறது. உதவி எப்படித் தரப்படும், அது எப்படிப் பயன்பட்டது என்று எப்படிப் பார்க்கப்படும், அமைப்புகளை எப்படிக் கலந்தாலோசிப்பார்கள் என்பதெல்லாம் திட்டத்தில் இருக்கவேண்டும். ஆண்டுதோறும் அமைச்சர்கள் அறிக்கை வெளியிட்டு அவையில் வைக்கவேண்டும். எஸ்தோனியாவில் கொஞ்சம் வேறு பாதை. 2002 டிசம்பரில் குடிமைச் சமூக வளர்ச்சிக் கோட்பாட்டை நாடாளுமன்றமே நிறைவேற்றியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவையில் விவாதிப்பது என்ற வழக்கத்தோடு.

இந்த இரண்டும் பணத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. வேல்ஸிலும் நிதி குறையும்போது குறையத்தான் செய்யும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அமைச்சர் எழுந்து நின்று 'இதைச் செய்தோம், இதைச் செய்யவில்லை' என்று சொல்லியாக வேண்டும். புதிய அமைச்சர் வந்தாலும் நாள்காட்டியில் அந்தத் தேதி இருக்கும். கூட்டமைப்பாகச் சேர்ந்து அரசோடு பேசுகிறவர்கள் பேரத்தில் விடக்கூடாத ஒரே வரி இதுதான். நீதிமன்றம் வேண்டாம், ஆணையம் வேண்டாம், அவையில் ஆண்டறிக்கை ஒன்று போதும் என்று கேட்டால் பெரும்பாலான அரசுகளுக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது.

சட்டமில்லாத உடன்படிக்கைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டால், உண்டு. நல்ல மனதுள்ள ஒரு அதிகாரி தன் நிதிப் பிரிவோடு சண்டைபோட ஒரு காகிதம் வேண்டும். 'நாமே கையெழுத்துப் போட்டிருக்கிறோமே' என்று அவர் காட்ட அது உதவும். 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு 'சிவில் சொசைட்டி கவனன்ட்' என்ற பெயரில் மறுபடி ஒன்றைக் கொண்டுவந்தபோது துறையில் வரவேற்பு இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கவேண்டும். வானிலையைப் பொறுத்த காகிதம். வெயில் அடிக்கும்போது நன்றாக உலரும்.

பணத்துக்கான காகிதம்

இங்கே முதல் பிரிவு மானியமா, சேவை ஒப்பந்தமா என்பது. அடிப்படை சுலபம். உங்கள் வேலையை நீங்கள் செய்ய அரசு கை கொடுத்தால் மானியம். அரசின் வேலையை அரசு உங்களிடமிருந்து விலைக்கு வாங்கினால் ஒப்பந்தம். ஆனால் கையில் வரும் காகிதங்கள் இப்படிச் சுத்தமாகப் பிரிந்து வருவதில்லை. தலைப்பில் மானியம் என்று போட்டுவிட்டு, உள்ளே எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரம், எந்தப் படிவத்தில் என்று வரிவரியாகக் கட்டளையிடும் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மானியத்தின் குறைந்த பணமும் ஒப்பந்தத்தின் முழுக் கட்டுப்பாடும் ஒரே இடத்தில் சேரும் அந்தக் கலப்பினம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

எது எதுவென்று கண்டுபிடிக்க இரண்டு வரிகளைத் தேடுங்கள். செலவழியாத மீதி யாருக்கு? மானியத்தில் அது திரும்பப் போகும், ஒப்பந்தத்தில் பெரும்பாலும் உங்களிடம் தங்கும். அடுத்து, வேலையின் வடிவத்தை மாற்ற யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? மானியத்தில் பெரிய மாற்றத்துக்கு மட்டும். ஒப்பந்தத்தில் நாற்காலியை நகர்த்தவும் கடிதம் தேவைப்படலாம். பற்றாக்குறை வந்தால் யார் தலையில் என்று கேட்காதீர்கள். இரண்டிலும் உங்கள் தலையில்தான்.

பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். நேரடிச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்: களப்பணியாளர் சம்பளம், போக்குவரத்து, பொருள்கள். அதைத் தாங்கிப்பிடிக்கும் கணக்காளர், வாடகை, தணிக்கை, கணினி, காப்பீடு எல்லாம் சேர்ந்து இன்னொரு 22 ஆகிறது. அரசு நிர்வாகச் செலவுக்கு 10 மட்டும் தருகிறது. துண்டு விழுவது 12. அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டி அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு வேலை தருகிறார்கள். நிர்வாகச் செலவும் அதே வேகத்தில் ஏறினால் துண்டு 24. பாராட்டு கூடக்கூட ஓட்டை பெரிதாகிறது. அமைப்புகள் மூடுவது பல நேரம் வேலை இல்லாமல் இல்லை, இப்படி வேலை கூடிப்போய்த்தான்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் மானிய விதிகள் இதை ஓரளவு ஒப்புக்கொண்டன. பேசித் தீர்மானித்த தனி விகிதம் இல்லாத அமைப்புகள் மறைமுகச் செலவுக்கு, அதாவது மேலே சொன்ன நிர்வாகச் செலவுக்கு, 10 சதவீதம் கேட்கலாம் என்று 2014 இறுதியில் நடைமுறைக்கு வந்தது; 2024 அக்டோபரிலிருந்து அது 15 சதவீதம். மேற்சொன்ன கணக்கில் 15 வந்தாலும் 7 துண்டு விழும். இருந்தாலும், விகிதம் விதியிலேயே இருப்பதால் ஒவ்வொரு அதிகாரியிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அது பெரிய நிம்மதி.

இதைவிடத் துணிச்சலான காரியம் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2011இல் அந்த மாநிலம், சமூக சேவைகளைக் கூட்டாண்மையில் வழங்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. கூடவே நான்கு ஆண்டுகளுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவில் பணமும் ஒதுக்கி, நடப்பு ஒப்பந்தங்களின் விலையை முதல் கட்டமாக 15 சதவீதம் உயர்த்தியது. இதுவரை அடக்கவிலைக்குக் குறைவாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம் என்று ஓர் அரசு தன் கருவூலத்தைத் திறந்து ஒப்புக்கொண்டது மாதிரி அது. 'கூட்டாண்மை' என்ற சொல்லுக்கு நான் மரியாதை கொடுக்கும் வெகுசில இடங்களில் இதுவும் ஒன்று. பக்கத்தில் தொகை எழுதியிருந்தது.

ஆக, மானியமா ஒப்பந்தமா? வேலையின் வடிவம் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தால், மக்களோடு சேர்ந்து தேடிக்கண்டுபிடிக்கும் வேலையாக இருந்தால், மூன்று ஆண்டு மானியம்தான். ஓராண்டு மானியம் மானியமே இல்லை. முதல் நான்கு மாதம் ஆளெடுக்கவும் கடைசி நான்கு மாதம் புதுப்பிப்புக்கு அலையவும் போய்விடும். வேலை தெளிவாக வரையறுக்கப்பட்டது, வேறு யாரும் செய்யக்கூடியது என்றால் ஒப்பந்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. முழு அடக்கவிலையைப் போட்டு, அது கிடைக்காவிட்டால் விலகிவிடும் தெம்போடு போங்கள். டெண்டரில் விலை குறைத்து ஜெயித்துவிட்டுப் பிறகு நன்கொடையில் சரிக்கட்டலாம் என்பது, நன்கொடையாளர் காசை எடுத்து அரசுக்கு மானியம் கொடுப்பதற்குச் சமம்.

பெரிய டெண்டர்களில் துணை ஒப்பந்ததாரராகப் போவது பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் 2011ஆம் ஆண்டு வேலைவாய்ப்புத் திட்டத்தில் 40 ஒப்பந்தங்களை 18 முதன்மை ஒப்பந்ததாரர்கள் எடுத்தார்கள். பெரும்பாலானவை தனியார் கம்பெனிகள். தொண்டு அமைப்புகள் அநேகமாகக் கீழ்ப்படியில்தான். அந்த நிலையில் உங்கள் 'கூட்டாளி' அரசே இல்லை, ஒரு கம்பெனி. அரசு தந்த வாக்குறுதி எதுவும் அங்கே உங்களைத் தொடர்ந்து வராது, வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதி வாங்காவிட்டால்.

விளைவுக்குப் பணம் தரும் ஒப்பந்தங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வகையில் உலகின் முதல் சமூகத் தாக்கப் பத்திரம் 2010இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கியது. முதலை முதலீட்டாளர்கள் போடுவார்கள், விளைவு வந்தால் மட்டும் அவர்களுக்குப் பணம் திரும்பும். குறுகிய காலச் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் மறுபடி குற்றம் செய்வது 7.5 சதவீதம் குறைந்தால் முதலீட்டாளர்களுக்குப் பணம். 9 சதவீதம் குறைந்தது, பணமும் கிடைத்தது. வெற்றிதான். ஆனால் மூன்றாவது கட்டம் திட்டமிட்டபடி நடக்கவில்லை. விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறையை அரசு நாடு முழுவதும் மாற்றியமைத்தபோது இந்தப் பத்திரத்தின் தரை நகர்ந்துவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருப்பதுகூடக் கொள்கை மாற்றத்திலிருந்து காப்பாற்றாது என்பதே இதில் நான் படித்த பாடம். ஆறு மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பும், அளவிட ஆளும், முதலீடு போட வேறொருவரும் இல்லாத அமைப்பு இந்தப் பக்கம் போகவேண்டாம்.

நடுவில் ஒரு வழி

போட்டி இல்லாமல் அரசும் அமைப்புகளும் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட முடியாதா என்ற கேள்விக்கு இத்தாலி சட்டமாகவே பதில் சொல்லியிருக்கிறது. 2017இன் 117ஆம் எண் சட்ட ஆணை, 55ஆம் பிரிவு: தேவைகளைச் சேர்ந்து கண்டறிவது ஒரு கட்டம், சேவையைச் சேர்ந்து வடிவமைப்பது அடுத்த கட்டம். 2020இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தன் 131ஆம் தீர்ப்பில், இது சந்தைப் போட்டிக்கு மாற்றான, பகிர்ந்துகொள்ளும் நிர்வாகத்தின் வழி என்று அங்கீகரித்தது. அரசு தருவது விலை இல்லை, செலவில் ஒரு பங்கு. அமைப்பும் தன் ஆட்கள், இடம், தொண்டர்கள் என்று ஏதாவது கொண்டுவர வேண்டும். பொது அறிவிப்பும் சம வாய்ப்பும் இங்கேயும் உண்டு, எனவே பின்வாசல் வழி இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டங்களுக்கு ஆள் அனுப்ப முடிகிற அமைப்புக்கு மட்டும். இரண்டு ஊழியர் உள்ள அமைப்பில் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் திட்டமிடும் மேசையில் உட்கார்ந்தால், வேலையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நேரத்துக்கும் பணம் தருவார்களா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடவேண்டும்.

எதில் போட்டாலும்

வாயடைப்புப் பிரிவைத் தேடுங்கள். அது 'வாயை மூடு' என்று வராது. 'துறையின் நற்பெயரைப் பாதிக்கும்', 'முன் ஒப்புதலின்றி ஊடகங்களுக்கு' என்ற உடையில் வரும். ஆஸ்திரேலியா 2013இல் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் இத்தகைய பிரிவுகளைத் தடைசெய்யத் தனிச் சட்டமே போட்டது. பிரிட்டனில் 2016 பிப்ரவரியில், மானியப் பணத்தை அரசிடம் வாதாடப் பயன்படுத்தக்கூடாது என்ற பிரிவு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஆண்டு இறுதியில் வேறு வரையறைகளைக் கொண்டுவந்தார்கள். அங்கே அப்போது காம்பாக்ட் நடைமுறையில்தான் இருந்தது. பேச்சுச் சுதந்திரம் மேல்மாடிக் காகிதத்தில் பத்திரமாக இருக்கையில், கீழ்மாடி மானியக் காகிதத்தில் அதைப் பறிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

'நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு' என்ற சொற்றொடரை நீக்க முடியாது, எந்த அரசும் விடாது. அதற்குப் பக்கத்தில் 'அதுவரை செய்த வேலைக்கும் ஏற்றுக்கொண்ட கடப்பாடுகளுக்கும் பணம் தரப்படும்' என்று சேர்க்கலாம். தவணை எந்தத் தேதியில் வரும் என்பதோடு, தாமதமானால் வேலையை நிறுத்திவைக்கும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். பதில் சங்கடமாக இருக்கும், ஆனால் இப்போதே தெரிந்துவிடும்.

எங்கள் கணக்காளர் கேட்ட 60 நாளுக்கு என்ன ஆயிற்று? 90 நாள் வேண்டும் என்று எழுதினோம். மூன்று வாரம் பதிலில்லை. பிறகு துறையிலிருந்து ஒரு உதவி அதிகாரி தொலைபேசியில் அழைத்து, இதுவரை யாரும் அந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டதில்லை என்றார், வியப்பாகவே. 60 நாள் என்று திருத்தி அனுப்பினார்கள். மீதி 30 நாள் சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். அதற்குப் பிறகுதான் தலைவர் பேனாவைத் திறந்தார்.